வீட்டின் விலையும் வாழ்வின் விலையும்

(மார்க்கம் நகரில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"மார்க்கத்தில் வாழ்வது எமக்குக் கட்டுப்படியாகுமா?" என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. இங்கு ஒரு வீட்டை வாங்க முடியுமா என்பது முதலாவது. வாங்கிய பின்னர் அந்த வீட்டில் குடும்பமாக வாழ்வதற்கு நேரமும் நிம்மதியும் எஞ்சுமா என்பது இரண்டாவது. முதலாவது கேள்விக்கு வங்கி விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்வியை எந்த வங்கியும் எம்மிடம் கேட்பதில்லை. ஆகவே அதை நாமே எம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. இன்று அந்தக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஸ்டீல்ஸ் வீதிக்கு அப்பால்

1983 ஆடிக் கலவரத்தின் பின்னரே எம்மவர் பெருந்தொகையாகக் கனடாவுக்கு வரத் தொடங்கினர். 1986 ஓகஸ்ட் மாதத்தில் 155 தமிழர்கள் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்ட செய்தியை மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். தொடக்க காலத்தில் ரொறன்ரோவில் சென். ஜேம்ஸ் டவுன் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் ஒரே அறையில் நால்வர் ஐவராக வாழ்ந்தோம். பின்னர் ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தோம். நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருந்து, பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு வேலையுமாக உழைத்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தை முற்பணமாகக் கட்டி முதல் வீட்டை வாங்கினோம். பிள்ளைகள் வளர்ந்ததும் ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கத்துக்கு வந்தோம். வேறு பலர் கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ் என்றும், மேற்கே பிரம்டன் என்றும் சென்றனர்.

இந்த நகர்வுக்குத் தக்க காரணங்கள் இருந்தன. புதிய வீடுகள், நல்ல பாடசாலைகள், அமைதியான தெருக்கள் என்பன இங்கு கிடைத்தன. அத்துடன் ரொறன்ரோ மாநகரம் 2008ஆம் ஆண்டு தொடக்கம் மாகாண அரசின் காணி கைமாற்று வரிக்கு மேலாகத் தனது வரியையும் அறவிட்டு வருகின்றது. 10 இலட்சம் டொலர் பெறுமதியான வீட்டுக்கு மாகாண வரி 16,475 டொலர். ரொறன்ரோவுக்குள் வாங்கினால் ஏறத்தாழ அதே தொகையை மீண்டும் ஒருமுறை கட்ட வேண்டும். முதல் வீடு வாங்குவோருக்குச் சிறு கழிவு உண்டு என்றாலும் வேறுபாடு பெரியதே. வீதியின் தெற்குப் பக்கத்தில் உள்ள வரி வடக்குப் பக்கத்தில் இல்லை.

மார்க்கத்தின் மக்கள் தொகை 1991இல் 153,811 ஆக இருந்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அது 338,503 ஆகியது. 2012 யூலை 1ஆம் நாள் இது நகரம் என்ற தகுதியைப் பெற்றது. 2006இல் லோகன் கணபதி இந்நகரின் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். வன்னி என்ற பெயரைத் தாங்கிய வீதியொன்றும் இங்கு உண்டு. ஆகவே நாம் இந்நகரின் விருந்தினர் அல்லர், இதனைக் கட்டியெழுப்பியவர்களில் ஒரு பகுதியினர். இங்கு வாழ்வது யாருக்குக் கட்டுப்படியாகின்றது என்று கேட்பதற்கு எமக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

விலை ஏறிய கதை

2000ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் விற்பனையான வீடுகளின் சராசரி விலை ஏறத்தாழ 2 இலட்சத்து 43 ஆயிரம் டொலர். 2022 பெப்ரவரியில் அது 13 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டியது. அதாவது ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. அதே காலப்பகுதியில் ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த மணித்தியாலச் சம்பளம் 6 டொலர் 85 சதத்திலிருந்து 15 டொலராக உயர்ந்தது. அது இரண்டு மடங்கிற்குச் சற்றே அதிகம். விலை ஓடிய வேகத்தில் உழைப்பின் கூலி ஓடவில்லை. 2022இன் உச்சத்தின் பின்னர் விலைகள் இறங்கிய போதிலும், 2025ஆம் ஆண்டின் சராசரி விலை கூட 10 இலட்சம் டொலருக்கு மேலாகவே இருந்தது.

இதனை இங்கு கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. "நாங்கள் இரண்டு வேலை செய்து வீடு வாங்கினோம், நீங்கள் படித்துப் பெரிய வேலையில் இருந்தும் ஏன் வாங்க முடியாது?" என்று பிள்ளைகளைக் கேட்கும் பெற்றோர் பலர் இருக்கின்றீர்கள். உங்கள் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் நீங்கள் ஏறிய படிக்கட்டு இன்று அதே உயரத்தில் இல்லை. இந்த உண்மையைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டால் பல வீடுகளில் நடக்கும் மனக்கசப்பில் பாதி குறைந்துவிடும்.

கட்டுப்படியாதல் என்றால் என்ன?

ஒரு குடும்பம் தனது வரிக்கு முந்திய வருமானத்தில் 30 விழுக்காட்டிற்குக் குறைவாக உறைவிடத்துக்குச் செலவழித்தால் அது கட்டுப்படியான உறைவிடம் என்பதே கனடாவின் வீட்டுவசதி அமைப்புகள் கையாளும் அளவுகோல். இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

10 இலட்சம் டொலருக்கு ஒரு வீட்டை வாங்குகின்றோம். 2 இலட்சம் டொலர் முற்பணம். மீதி 8 இலட்சம் கடன். தவணைக் காலம் 25 ஆண்டுகள். வட்டி 2 விழுக்காடாக இருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,390 டொலர். அதே கடனுக்கு வட்டி 5 விழுக்காடாக இருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 4,650 டொலர். வீடு ஒன்றுதான், கடன் ஒன்றுதான். மாதம் 1,260 டொலர் கூடிவிடுகின்றது.

இது வெறும் கற்பனை அன்று. கனடிய மத்திய வங்கியின் வட்டி வீதம் 2020 மார்ச் தொடக்கம் 2022 மார்ச் வரை கால் விழுக்காடாக இருந்தது. அதன் பின்னர் பத்துத் தடவைகள் உயர்த்தப்பட்டு 2023 யூலையில் 5 விழுக்காட்டை எட்டியது. 2024 யூனில்தான் முதன் முதலாகக் குறைக்கப்பட்டது. மாறும் வட்டியில் கடன் எடுத்த பலருக்குத் தாம் கட்டும் தவணை வட்டிக்கே போதாமற் போயிற்று. இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பின்னரும் முதல் குறையவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது.

மேற்கூறிய 4,650 டொலருடன் சொத்து வரி, வீட்டுக் காப்புறுதி, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றுக்கு மாதம் 800 டொலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,450 டொலர். இது 30 விழுக்காட்டிற்குள் அடங்க வேண்டுமானால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 18 ஆயிரம் டொலராக இருக்க வேண்டும். எத்தனை குடும்பங்கள் இந்த வருமானத்தைப் பெறுகின்றன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வங்கி கடன் தருவதற்கு முன்னர் ஒரு சோதனை செய்கின்றது. நீங்கள் பெறும் வட்டிக்கு மேல் இன்னும் 2 விழுக்காடு கூடினாலும் கட்ட முடியுமா என்று பார்க்கின்றது. அந்தச் சோதனையில் தேறிவிட்டால் "எமக்குக் கட்டுப்படியாகும்" என்று நாம் எண்ணிவிடுகின்றோம். ஆனால் ஊரில் இருக்கும் தங்கைக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் அந்தக் கணக்கில் இல்லை. தாயாரின் சுகவீனத்துக்காக அவசரமாகப் பறக்க வேண்டிய விமானச் சீட்டு அதில் இல்லை. சீட்டுக் காசும் இல்லை, உறவினரின் கலியாணங்களுக்கு வைக்க வேண்டிய மொய்யும் இல்லை. வங்கிக்குத் தெரியாத இந்தச் செலவுகள் யாவும் எமக்குத் தெரிந்தவையே. ஆகவே வங்கி சொல்லும் உச்சத் தொகையை எமது எல்லையாகக் கொள்ளலாகாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று எமது முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

2024 திசம்பர் 15 தொடக்கம் 15 இலட்சம் டொலருக்கு உட்பட்ட வீட்டுக்கும் 20 விழுக்காட்டிற்குக் குறைந்த முற்பணத்துடன் கடன் பெற வழி செய்யப்பட்டுள்ளது. முன்னர் இந்த எல்லை 10 இலட்சமாக இருந்தது. இதன்படி 10 இலட்சம் டொலர் வீட்டுக்கு 75,000 டொலர் முற்பணம் போதும். இதைக் கேட்டு மகிழ்வோர், கடன் 9 இலட்சத்து 25 ஆயிரம் ஆகின்றது என்பதையும், அதற்கு மேல் 4 விழுக்காடு கடன் காப்புறுதி, அதாவது 37,000 டொலர், கடனுடன் சேர்க்கப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும். முற்பணம் குறைந்த அளவுக்குக் கடன் கூடியுள்ளது, அவ்வளவே.

கணக்கில் வராத செலவுகள்

மார்க்கத்தில் விலை கட்டாது என்று கண்டவர்கள் மேலும் கிழக்கே செல்கின்றனர். வீட்டின் விலை குறைகின்றது என்பது உண்மை. ஆனால் டூரம் பிரதேசத்தில் உள்ள ஏஜாக்ஸ், ஒஷவா போன்ற இடங்களின் சொத்து வரி விகிதம் மார்க்கத்தை விடக் கணிசமாகக் கூடியது. மேற்கே பிரம்டனில் வாகனக் காப்புறுதி மாகாணத்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. வாங்குமுன் இவற்றை விசாரித்து அறிய வேண்டும்.

அடுத்தது வாகனம். எமது புறநகர்கள் கார் வைத்திருப்போருக்காகவே அமைக்கப்பட்டவை. பால் வாங்கவும் கார் வேண்டும், பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு விடவும் கார் வேண்டும். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, பல்கலைக்கழகம் செல்லும் மகனுக்கு ஒன்று என்று வாசலில் மூன்று கார்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தவணை, காப்புறுதி, பெற்றோல், பனிக்காலச் சில்லு, திருத்தச் செலவு. 407ஆம் நெடுஞ்சாலையில் சென்றால் நேரம் மிச்சம், ஆனால் கட்டணம் உண்டு. அந்தச் சாலை 1999இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுக்கப்பட்டது. பிக்கரிங்கில் புறொக் வீதிக்குக் கிழக்கே மாகாண அரசுக்குச் சொந்தமான பகுதியில் மட்டுமே 2025 யூன் 1இலிருந்து கட்டணம் நீக்கப்பட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு நேரம். வேலைக்குப் போக ஒன்றேகால் மணித்தியாலம், திரும்பி வர ஒன்றேகால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டரை மணித்தியாலம். வாரத்துக்கு ஐந்து நாட்கள், ஆண்டுக்கு 48 வாரங்கள். மொத்தம் 600 மணித்தியாலங்கள். எட்டு மணித்தியால வேலைநாளாகப் பிரித்தால் 75 வேலைநாட்கள். சம்பளம் இல்லாமல், அதுவும் பணம் செலவழித்துக்கொண்டு, ஆண்டுக்கு 75 நாட்களை நெடுஞ்சாலையில் கழிக்கின்றோம். வேலைக்கு அரை மணித்தியாலத் தூரத்தில் வாழும் ஒருவருக்கு இதே கணக்கில் 240 மணித்தியாலங்களே செல்கின்றன. எஞ்சும் 360 மணித்தியாலங்கள் அவருடைய பிள்ளைகளுக்கு உரியவை.

இங்குதான் எமது சமூகத்தின் எதிர்காலம் தங்கியிருக்கின்றது. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியவில்லையே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கவலைப்படுகின்றோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களே. மொழியைப் பிள்ளை கற்பது இரவுச் சாப்பாட்டு மேசையில், தாய் தகப்பனின் பேச்சில், அம்மம்மாவின் கதையில். பெரிய வீட்டின் தவணைக்காகத் தகப்பன் இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் சென்று, இருவரும் வாசலில் மட்டுமே சந்தித்துக்கொள்ளும் வீட்டில், ஐந்து அறைகள் இருந்தாலும் அந்த மேசை வெறுமையாகவே இருக்கும். பிள்ளை தன் அறையில் திரையுடன் தனித்து இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு வீடு கட்டுப்படியாகின்றது என்று எப்படிச் சொல்வது?

மூத்தோரின் நிலை

மூத்தோரைப் பற்றி ஒரு சில வார்த்தைகள். ஊரில் காலையில் எழுந்தால் முற்றம், வேலிக்கு அப்பால் அயலவர், நடந்து போகும் தூரத்தில் கோயில், சந்தை. இங்கு ஒரு பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக வரவழைக்கப்பட்ட அப்பம்மா, மார்கழி தொடக்கம் பங்குனி வரை யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். கார் ஓட்டத் தெரியாது. பேருந்துத் தரிப்பிடம் தூரம், நடைபாதையில் உறைபனி. பெற்றோரைப் பொறுப்பேற்று அழைப்பவர் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 20 ஆண்டுகளுக்கு அவர்களைப் பராமரிப்பதாக உறுதியளிக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்குப் பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். கையில் சொந்தக் காசு இல்லை, வெளியே செல்ல வாகனம் இல்லை, பேச ஆள் இல்லை. வசதியான வீடு அவர்களுக்கு வசதியான சிறை ஆகிவிடக் கூடாது.

ஆகவே வீடு பார்க்கும்போது அறைகளின் எண்ணிக்கையைக் கேட்பதுடன் நிற்காதீர்கள். வாசலில் இருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் பேருந்து உண்டா, நூலகம் உண்டா, கடை உண்டா, மற்றொரு தமிழ்க் குடும்பமோ பேசிப் பழகக்கூடிய அயலவரோ உண்டா என்று கேளுங்கள். முதியவர் ஒருவரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவரும் பிறர் உதவியின்றி வெளியே சென்று வரக்கூடிய அயலே நல்ல அயல்.

இந்நகர் தரும் செல்வங்கள்

மார்க்கத்தில் நாம் வரியாகக் கட்டி வைத்திருக்கும் பொதுச் செல்வங்கள் பல. அவற்றை எம்மவரில் பலர் பயன்படுத்துவதில்லை. ஆனின், கோர்ணெல், அங்கஸ் கிளென், மில்லிக்கன் மில்ஸ் முதலிய இடங்களில் சமூக நிலையத்துடன் கூடிய நூலகங்கள் உள்ளன. நூலக அட்டைக்குக் கட்டணம் இல்லை. 2015இல் அமைக்கப்பட்ட ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இந்நாட்டின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா. ரொறன்ரோ, மார்க்கம், பிக்கரிங், அக்ஸ்பிரிட்ஜ் ஆகிய நான்கு இடங்களிலும் பரந்து கிடக்கின்றது. அதில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. கோர்ணெல் பகுதி 1990களில், வீடுகளும் கடைகளும் பூங்காக்களும் நடந்து செல்லும் தூரத்தில் அமைய வேண்டும் என்ற நோக்குடன் திட்டமிடப்பட்டது. அதன் அருகே 1990இல் திறக்கப்பட்ட மருத்துவமனையும் உண்டு.

யூனியன்வில், சென்ரெனியல், மார்க்கம், மவுண்ட் ஜோய் ஆகிய நிலையங்களில் இருந்து கோ தொடரூந்து ரொறன்ரோவின் மையத்துக்குச் செல்கின்றது. 2024 பெப்ரவரி 26இல் தொடங்கிய ஒரே கட்டணத் திட்டத்தின் கீழ் யோர்க் பிரதேசப் பேருந்தில் ஏறி ரொறன்ரோவின் பேருந்துக்கோ சுரங்க இரயிலுக்கோ மாறும்போது இரண்டாவது கட்டணம் அறவிடப்படுவதில்லை. முன்னர் ஸ்டீல்ஸ் வீதியில் இரண்டு தடவை கட்டிய மாணவர்களுக்கு இது பெரிய நிவாரணம். யோர்க் பல்கலைக்கழகத்தின் மார்க்கம் வளாகம் 2024 இலையுதிர் காலத்தில் திறக்கப்பட்டுள்ளது. வீட்டில் இருந்தே படிக்கும் வாய்ப்பு பல ஆயிரம் டொலரை மிச்சப்படுத்தும். இளம் பெற்றோர்களுக்கு ஒன்று: தேசியத் திட்டத்தில் இணைந்துள்ள உரிமம் பெற்ற பராமரிப்பு நிலையங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான நாட்கட்டணம் 2025 சனவரியில் 22 டொலர் என்ற உச்ச எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. இடம் கிடைப்பது அரிது. ஆகையால் பிள்ளை பிறக்கு முன்னரே பதிவு செய்து வையுங்கள்.

சிறிய வீடாயினும் இந்தச் செல்வங்களுக்கு அருகில் இருப்பது, பெரிய வீட்டில் இவற்றுக்குத் தூரமாக இருப்பதை விட மேலானது என்பதே எனது கருத்து.

இளையோருக்கு

உங்களில் பதினெட்டு வயது நிறைந்தவர்கள் முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறக்கலாம். 2023 ஏப்பிரலில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஆண்டுக்கு 8,000 டொலரும், மொத்தமாக 40,000 டொலரும் இடலாம். இடும் பணத்துக்கு வருமான வரிக் கழிவு உண்டு. வீடு வாங்குவதற்காக எடுக்கும்போது வரி இல்லை. கணக்கைத் திறந்த பின்னரே ஆண்டுக்குரிய அனுமதித் தொகை சேரத் தொடங்கும் என்பதால் சிறு தொகையுடனாவது தொடங்கி வைப்பது நன்று.

வாடகைக்கு இருப்பது தோல்வி அன்று. வாடகைக்கு இருந்து ஒழுங்காகச் சேமிப்பவர், தாங்க முடியாத கடனுடன் வீட்டுக்காரராக இருப்பவரை விடப் பலமான நிலையில் இருக்கின்றார். வாடகைக்கு வீடு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2018 நவம்பர் 15இற்குப் பின்னர் முதன் முதலாகக் குடியேறப்பட்ட இடங்களுக்கு ஒன்ராறியோவின் வாடகை உயர்வுக் கட்டுப்பாடு இல்லை. அங்கு வாடகை ஒரே ஆண்டில் எவ்வளவும் கூட்டப்படலாம்.

கட்டி முடிக்கப்படாத வீட்டையோ கொண்டோவையோ முன்கூட்டியே வாங்குவதில் எச்சரிக்கையாக இருங்கள். 2021, 2022ஆம் ஆண்டுகளில் உச்ச விலைக்கு ஒப்பந்தம் செய்தவர்கள், வீடு கையளிக்கப்படும் வேளையில் வங்கி அதனைக் குறைந்த விலைக்கே மதிப்பிட்டதால், குறையும் பணத்தைக் கையில் இருந்து கட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். வைப்புப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. உறவினரான முகவர் சொன்னார் என்பதற்காக எதிலும் கையெழுத்திட வேண்டாம். உங்களுக்காக மட்டுமே பேசும் ஒரு சட்டத்தரணியிடம் முதலில் காட்டுங்கள்.

பெற்றோருக்கு

பிள்ளையின் கடனுக்கு நீங்களும் கையெழுத்திடுவது பாசத்தின் அடையாளம் என்று எண்ணுகின்றீர்கள். சட்டத்தின் கண்ணில் அது உங்களுடைய கடன். ஓய்வுபெறும் வயதில் உங்கள் ஒரே வீட்டை ஈடு வைத்து இன்னொரு வீட்டுக்கு முற்பணம் கொடுக்குமுன், இரு வீடுகளின் தவணையையும் ஓராண்டு தாங்க முடியுமா என்று கணக்கிடுங்கள்.

"பேஸ்மென்ற் வாடகை தவணையைக் கட்டும்" என்பது நம்மிடையே வேதவாக்காக உள்ளது. 2024இல் வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு மத்திய அரசு உச்ச எல்லை விதித்த பின்னர், வாடகை இறங்கிப் பல தளங்கள் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. வாடகை வந்தால் நன்று, வராவிட்டாலும் சமாளிக்கலாம் என்ற நிலையில் மட்டுமே வாங்குங்கள். அந்தத் தளத்தில் குடியிருப்பவரும் ஒருவருடைய பிள்ளையே. புகை எச்சரிக்கைக் கருவி, காபன் மொனொக்சைட் கருவி, தீ மூண்டால் வெளியேறக்கூடிய வழி ஆகியவை இன்றி எவரையும் அங்கு படுக்க விடாதீர்கள். அனுமதி பெற்று முறைப்படி அமைத்தால் உங்களுடைய காப்புறுதியும் செல்லுபடியாகும்.

வாக்கும் வரியும்

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. தனிக் குடும்பத்தின் சிக்கனத்தால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. எங்கே எத்தகைய வீடு கட்டலாம் என்பதையும், சொத்து வரியையும், பூங்காவையும் நூலகத்தையும் நகரசபை தீர்மானிக்கின்றது. பேருந்தையும் பெரிய வீதிகளையும் யோர்க் பிரதேச சபை தீர்மானிக்கின்றது. மார்க்கம் சபையில் முதல்வர், நான்கு பிரதேச உறுப்பினர்கள், எட்டு வட்டார உறுப்பினர்கள் என 13 பேர் உள்ளனர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்டோபரில் தேர்தல். 2022இல் ஒன்ராறியோ நகரசபைத் தேர்தல்களில் வாக்களித்தோர் மொத்த வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. ஊர் அரசியலை மணிக்கணக்காகப் பேசும் நாம், எமது தெருவின் பேருந்தைத் தீர்மானிக்கும் தேர்தலன்று வீட்டில் இருந்து விடுகின்றோம். குடியுரிமை இல்லாதவர்கள் வாக்களிக்க இயலாது எனினும், சபைக் கூட்டத்தில் முன்பதிவு செய்து ஐந்து நிமிடம் பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை.

2022இல் மாகாண அரசு இயற்றிய சட்டத்தின்படி, குடிநீர், கழிவுநீர் வசதியுள்ள ஒரு குடியிருப்புக் காணியில் பொதுவாக மூன்று குடியிருப்புகள் வரை அமைக்கலாம். இதனால் தாய் தகப்பன் ஒரு தளத்திலும் மணமான பிள்ளை மற்றொரு தளத்திலும் தனித்தனி வாசலுடன் வாழலாம். ஆனால் ஒரு தெருவில் சிறு வீடுகளோ வாடகைக் குடியிருப்புகளோ வரப்போகின்றன என்றால், "அயல் கெட்டுவிடும்" என்று எதிர்த்துக் கையெழுத்து வைப்போரில் எம்மவரும் இருக்கின்றனர். நாம் எல்லோரும் இந்நாட்டில் வாழ்வைத் தொடங்கியது யாரோ ஒருவருடைய நிலக்கீழ்த் தளத்தில். அன்று அந்தக் கதவு மூடப்பட்டிருந்தால் இன்று இந்த மண்டபத்தில் நாம் கூடியிருக்க மாட்டோம். எமக்குப் பின்னால் வருபவர்களுக்கும், எமது சொந்தப் பிள்ளைகளுக்கும், அந்தக் கதவை நாமே மூடுவது அறமாகாது.

அன்பார்ந்தவர்களே, இன்று இரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுத்து இரண்டு நிரல்களை வரையுங்கள். ஒன்றில் உறைவிடத்துக்கும் வாகனத்துக்கும் மாதம் எவ்வளவு பணம் செல்கின்றது என்று எழுதுங்கள். மற்றதில் வாரத்துக்கு எத்தனை இரவுகள் குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சாப்பிடுகின்றது என்று எழுதுங்கள். கணவன் மனைவி மட்டும் அன்றி, பிள்ளைகளும் மூத்தோரும் சேர்ந்து எழுதுங்கள். இரண்டாவது நிரலில் உள்ள எண் மிகச் சிறியதாக இருந்தால், முதலாவது நிரலை மாற்றுவது பற்றி அன்றே பேசத் தொடங்குங்கள்.